அடுத்த படத்துக்குள் ஒரு நாளை!

மார்வெல் படங்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கினாலும் எழுந்திருக்க மாட்டார்கள். கடைசியில் ஒரு குட்டிக் காட்சி வரும். அதில் அடுத்த படத்துக்கான நூல்முனை இருக்கும். 2008-ல் 'அயர்ன் மேன்' படத்தில் தொடங்கிய வழக்கம் இது. அந்த முனையைப் பிடித்துக்கொண்டு, வீடு வந்து சேர்வதற்குள் பத்துக் கதைகளாவது பின்னிவிடுவார்கள் ரசிகர்கள். அடுத்து யார் வருவார், யார் சாவார், செத்தவர் எப்படித் திரும்பி வருவார்?

'வேலையத்த வேலை' என்று வீட்டுப் பெரியவர்கள் சலித்துக்கொள்வார்கள். ஆனால், அந்த ஊகங்களுக்குள் விளையாட்டைத் தாண்டிய ஒன்றும் இருக்கிறது. அதை உலகுக்குக் காட்டியவர் நடிகர் சாட்விக் போஸ்மேன்.

2018 பிப்ரவரியில் வெளியானது 'பிளாக் பாந்தர்'. யாருக்கும் அடிமைப்படாத வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாடு. அதன் இளம் அரசன் டி'சல்லாவாக போஸ்மேன். இயக்கம் ரயான் கூக்ளர். உலகம் முழுக்க 130 கோடி டாலருக்கும் மேல் வசூல். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் போட்டியில் நுழைந்த முதல் சூப்பர் ஹீரோ படமும் அதுதான். தங்களைப் போலவே இருக்கும் ஒரு ராஜாவைத் திரையில் பார்த்து, கறுப்பினக் குழந்தைகள் துள்ளிக் குதித்தார்கள்.

படம் வெளியான சமயத்தில் ஒரு வானொலிப் பேட்டியில், இரண்டு சிறுவர்களைப் பற்றிப் பேசினார் போஸ்மேன். இருவருக்கும் புற்றுநோய். இனி குணமாகாது என்ற நிலை. படப்பிடிப்பு நடந்த காலத்தில் அவர்களோடு தொடர்பில் இருந்தார். 'இந்தப் படம் வரும்வரை உயிரைப் பிடித்துவைத்திருக்கப் பார்க்கிறார்கள்' என்று பெற்றோர் அவரிடம் சொல்லியிருந்தார்கள். இருவருமே படம் வருவதற்குள் போய்விட்டார்கள். சின்ன வயதில் பிறந்தநாளுக்கும் பொம்மைக்கும் தான் காத்திருந்த நாள்களை நினைத்துப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், மேற்கொண்டு பேச முடியாமல் அழுதுவிட்டார்.

கேட்டவர்கள் அறியாத ஒன்று அந்த அழுகைக்குள் இருந்தது. அவருக்கே 2016-ல் பெருங்குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அப்போதே மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சைகளுக்கும் கீமோதெரபிக்கும் நடுவில்தான் சண்டைக் காட்சிகளில் நடித்துக்கொண்டிருந்தார். வெளியில் சொல்லவில்லை.

2020 ஏப்ரலில் அவர் வெளியிட்ட ஒரு வீடியோவில் மிகவும் மெலிந்திருந்தார். பதறியவர்கள் உண்டு, புதுப் படத்துக்காக இளைத்திருப்பார் என்று ஊகித்தவர்களும் உண்டு. அந்த ஆகஸ்ட் 28-ம் தேதி அவர் இறந்துபோனார். வயது 43. அவர் பேசுவதற்கான வசனங்களை எழுதிக்கொண்டிருந்த இயக்குநர் கூக்ளருக்கே அவருடைய நோய் பற்றித் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த பிளாக் பாந்தர் யார்? அதுவரை எழுந்த ஊகங்கள் போல இல்லை இது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 'அவருடைய இடத்தில் இன்னொருவரை வைத்துப் பார்க்கவே முடியாது' என்றது ஒரு தரப்பு. 'நடிகர் இறந்தால் ராஜாவும் சாக வேண்டுமா? இத்தனை காலம் கழித்துக் குழந்தைகளுக்குக் கிடைத்த நாயகன் அல்லவா?' என்றது இன்னொன்று. வேறு நடிகரைப் போடச் சொல்லிக் கையெழுத்து இயக்கமே நடந்தது. யாரைக் குறை சொல்வது? இரண்டுமே துக்கம்தான். வேறொரு நடிகர் டி'சல்லாவாக நடிக்க மாட்டார் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார் மார்வெல் தலைவர் கெவின் ஃபைகி.

2022 நவம்பரில் வந்தது 'வகாண்டா ஃபாரெவர்'. அண்ணனைக் காப்பாற்ற வழி தேடித் தங்கை ஷூரி ஆய்வுக்கூடத்தில் தவிப்பதோடு தொடங்குகிறது கதை. முடியவில்லை. வகாண்டா வெள்ளை உடுத்தி அவனை வழியனுப்புகிறது. வழக்கமான இசை இல்லாமல், போஸ்மேனின் காட்சிகளோடு நிசப்தமாக வருகிறது மார்வெல் முத்திரை. பிறகு அந்த உடையை அணிகிறவள் ஷூரி. பெயர்கள் ஓடும்போது வழக்கம்போல ஒரு குட்டிக் காட்சி. கடற்கரையில் ஷூரியின் முன்னால் வந்து நிற்கிறான் ஒரு சிறுவன். அவள் அண்ணன் மகன். அவன் பெயரும் டி'சல்லா.

அவ்வளவுதான், ஊகங்கள் மறுபடி கிளம்பிவிட்டன. அவன் வளர்ந்து வருவானா? 2026 டிசம்பருக்கு அறிவிக்கப்பட்ட 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' படத்தில், அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியரே டாக்டர் டூம் என்ற வில்லனாக வருகிறார் என்றால், வேறொரு பிரபஞ்சத்திலிருந்து இன்னொரு டி'சல்லாவும் வரக் கூடாதா?

இந்தக் கணக்குகளில் பாதிக்கு மேல் பொய்த்துப்போகலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. அடுத்த படத்தில் என்ன நடக்கும் என்று கேட்கிறவர், அது வரும்போது நாமும் இருப்போம் என்ற நம்பிக்கையோடுதான் கேட்கிறார். அந்த இரண்டு சிறுவர்கள் பிடித்துக்கொண்டிருந்ததும் அதைத்தானே!

இன்று இரவு உங்கள் வீட்டுப் பிள்ளை, 'அடுத்த படத்தில் யார் வருவா தெரியுமா?' என்று ஆரம்பித்தால், 'போய்ப் படி' என்று சொல்வதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள்.