அரமும் ரௌட்டரும்

ஜூலை 6, ஞாயிறு

மாங்காய்ப் பூட்டின் உள்ளமைப்பை இரு மடங்கு பெரிதாகச் செய்யும் வேலையை இன்று தொடங்கினேன். சாவியைத் திருப்பும்போது உள்ளே லீவர்கள் எழுவதையும் தாழ் நகர்வதையும் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். உடல் தேக்கு, லீவர்கள் 3 மி.மீ. பித்தளைத் தகடு. பழைய கதவில் அறுத்த பலகை என்பதால் காந்தத்தை ஓட்டி ஆணி தேடிய பிறகே ரௌட்டர் எந்திரத்தின் மேசையில் ஏற்றினேன். ஒரு துண்டு ஆணி போதும், விடியா (கார்பைடு) பிட்டின் முனை சிதறிவிடும்.

6 மி.மீ. பிட், இரண்டு வெட்டுவாய், நிமிடத்துக்கு 18,000 சுற்று, 900 மி.மீ. நகர்வு. ஓரச் சுவர்களை அமைதியாக எடுத்தது. மூலைக்கு வந்து பிட்டைச் சுற்றி மரம் சூழ்ந்ததும் ஊளையிட்டது. நின்றபின் பார்த்தால் மூலைச் சுவர் முழுக்க வரி வரியாகத் தடம். லேத்துப் பட்டறைகளில் இதைத்தான் ‘சாட்டர் அடிக்குது’ என்பார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

சத்தம் கேட்டதும் யாருக்கும் கை முதலில் போவது நகர்வு வேகத்தைக் குறைக்கத்தான். வீட்டில் சிறிய ரௌட்டர் வைத்திருப்பவர்களின் பிட்டுகள் சீக்கிரம் சாவதற்கு இந்தப் பயம்தான் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். கணக்கு எளியது. 900-ஐ 18,000-ஆலும் இரண்டு வாயாலும் வகுத்தால் ஒரு வாய் ஒரு முறைக்கு எடுக்கும் சீவல் 0.025 மி.மீ. தேக்குக்கு அது மிக மெல்லியது. வாய் மரத்தைச் சீவாமல் தேய்க்கிறது. தேய்த்தால் சூடு. சூட்டில் தேக்கின் பிசின் இளகி வாயில் ஒட்டிக்கொள்ள, கூர் இன்னும் மழுங்குகிறது. பெட்டியில் விழுந்ததைக் கையில் எடுத்தால் செதிலாக இல்லை, மாவாக இருந்தது. கருகிய வாடையும் இருந்தது.

இன்னொரு கணக்கும் போட்டேன். 6 மி.மீ. பிட்டின் ஓரம் 18,000 சுற்றில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 340 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடினால், திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு நடந்தே போன செருப்பைப் போல அந்த ஓரம் தேய்ந்திருக்கும். தேக்கில் சிலிக்காவும் இருப்பதால் அது வெறுந்தரையில்கூட இல்லை, மணலில் நடந்த நடை. அதே பள்ளத்தை 2,700 மி.மீ. நகர்வில் வெட்டினால் நேரம் மூன்றில் ஒரு பங்கு, பிட் உராயும் தூரமும் மூன்றில் ஒரு பங்கு. சீவல் 0.075 மி.மீ. ஆகும். மெதுவாக வெட்டுவது பிட்டுக்குச் செய்யும் உபகாரம் இல்லை.

ஆனால் மேசையும், பிட்டைச் சுமந்து நகரும் பாலமும் ஆடிக்கொண்டிருக்கும்போது 2,700 கொடுத்தால் பிட் முறியும். முதலில் ஆட்டத்தை நிறுத்த வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

மாலை முழுவதும் டயல் கேஜும் கையுமாக. பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டைக் கழற்றினேன். உள்ளே பிசினும் தூளும் படிந்திருந்தன. ஸ்பிரிட்டில் துடைக்கும் முன், சுற்றும்போது பிட்டின் கோட்டம் 0.06 மி.மீ., துடைத்தபின் 0.02. சீவலே 0.025 என்றிருக்கையில் கோட்டம் 0.06 என்றால் இரண்டு வாயில் ஒன்று சும்மா சுற்ற, மற்றொன்றே எல்லாச் சுமையையும் தாங்கியிருக்கிறது. அது சீக்கிரம் தேயும். தேய்ந்த வாய் கூடுதலாகத் தள்ளும். தள்ளினால் அதிர்வு கூடும். அதிர்வில் முனை பொடிப்பொடியாக உதிரும். தேய்மானமும் அதிர்வும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. அதனால் ஒன்றை மட்டும் பார்த்து மருந்து கொடுக்க முடியாது.

அடுத்தது நீட்டம். பிட் காலெட்டுக்கு வெளியே 32 மி.மீ. நீண்டிருந்தது. பள்ளத்தின் ஆழமோ 15 தான். 20-க்கு உள்ளே தள்ளினேன். வளைவு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போவதால் இந்த 12 மி.மீ. குறைப்பில் பிட் நான்கு மடங்கு விறைப்பாகிறது. காசு செலவில்லாமல் கிடைக்கும் இவ்வளவு பெரிய லாபம் இந்த எந்திரத்தில் வேறு எதிலும் இல்லை.

பாலத்தைக் கையால் அழுத்தினால் கேஜின் முள் தாராளமாக நகர்ந்தது. ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தைத் தொடாமலே சுற்றிக்கொண்டிருந்தது. நட்டைத் திருப்பி இறுக்கியதும் முள் அடங்கியது.

ஜூலை 13, ஞாயிறு

நல்லாம்பட்டிப் பெரியவர் வந்திருந்தார். வாழ்நாளெல்லாம் பூட்டுப் பட்டறையில் அரத்தால் ராவியவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்தது இங்குள்ள தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம். அந்தச் சான்றிதழ் எதைப் பற்றிப் பேசுகிறதோ, அது இவரைப் போன்றவர்களின் விரல்களில் இருக்கிறது. இங்கே லீவரும் சாவியும் கையால் ராவி ஒன்றுக்கொன்று பொருத்தப்படுகின்றன. அலிகாரிலிருந்து வரும் மலிவான பூட்டுகளுக்கு முன்னால் அந்தக் கைகளுக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது.

மூலையின் வரித்தடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“அரம் கத்துனா இப்பிடித்தான் தம்பி வரி விழும். தகடு வைசுக்கு மேல ரொம்ப நீட்டிக்கிட்டு இருந்தா கத்தும். தாழ்த்திப் பிடி, வாய் மூடிக்கும்.”

“இதுலயும் அதேதாங்கய்யா. பிட்டைத்தான் உள்ள தள்ளியிருக்கேன்.”

“அப்பவும் கத்துனா, கோணத்த மாத்தணும். ஒரே பக்கமா ராவிக்கிட்டே இருந்தா, விழுந்த பள்ளத்துலயே திரும்பத் திரும்ப விழும். குறுக்க ஒரு வாட்டி ராவி விட்டா எல்லாம் அழிஞ்சிரும்.”

எழுந்து நின்று கேட்க வேண்டிய பேச்சு. பொறியாளர் எஃப். டபிள்யூ. டெய்லர் 26 ஆண்டுகள் உலோகத்தை வெட்டிப் பார்த்து 1907-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், எந்திரப் பணியாளனுக்கு முன்னுள்ள சிக்கல்களில் மிகவும் விளங்காதது இந்த அதிர்வுதான் என்று எழுதினார். 1950-களில்தான் துலுஸ்டி, டோபியாஸ் முதலிய ஆய்வாளர்கள் அதன் பொறிமுறையைக் கணக்கில் கொண்டுவந்தார்கள். ஒரு வாய் சுவரில் விட்டுப்போன அலை மேல் அடுத்த வாய் ஏறுகிறது. சீவல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வருகிறது. அந்த ஏற்றத்தாழ்வே பிட்டை மறுபடி உதைத்து, உதை பெரிதாகிக்கொண்டே போகிறது. பெரியவர் சொன்ன ‘விழுந்த பள்ளத்துலயே விழும்’ இதுதான். வாய்களைச் சமமில்லாத இடைவெளியில் வைத்துத் தயாரிக்கும் விலையுயர்ந்த பிட்டுகள் செய்வதும் அவர் குறுக்கே ராவுவதைத்தான்: அலையோடு அலை பொருந்தவிடாமல் கலைத்துவிடுகின்றன.

ஜூலை 15, செவ்வாய்

அத்தகைய பிட் என்னிடம் இல்லை. சுற்று எண்ணிக்கையை மாற்றினாலும் அலை கலையும். கைப்பேசியில் ஒலியின் அதிர்வெண் காட்டும் செயலியைத் திறந்து எந்திரத்தருகே வைத்தேன். 18,000 சுற்றில் இரண்டு வாயும் வினாடிக்கு 600 முறை மரத்தில் அடிக்கின்றன. அந்த 600-உம் அதன் மடங்குகளும் தெரிவது இயல்பு, அது வெட்டும் சத்தம். மூலையில் மட்டும் அவற்றுக்கு நடுவே, எதிலும் சேராத இன்னொரு முகடு எழுந்தது. அதுதான் ஊளை. சுற்றை 16,200-க்கு இறக்கினேன், முகடு படுத்துவிட்டது. 2,400 மி.மீ. நகர்வில் மூலையும் வழவழப்பாக வந்தது. பெட்டியில் மாவு போய்ச் செதில் விழத் தொடங்கியது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினேன். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

ஜூலை 19, சனி

இன்று பித்தளை. மரத்தில் உள்ள சலுகை இதில் கிடையாது. லீவரின் ஓரத்தில் அதிர்வு வரி இருந்தால் பக்கத்து லீவரில் உரசி நிற்கும்; எல்லா லீவரும் சரியான உயரத்துக்கு எழுந்தால்தான் தாழ் விடும்.

“புது அரத்தை மொதல்ல பித்தளைக்கு வெச்சுக்க, கூர் கொறஞ்சதும் இரும்புக்கு எடுத்துக்க” என்று அன்றே சொல்லிவிட்டுப் போயிருந்தார் பெரியவர். பித்தளை கூர்மை கேட்கும். மழுங்கிய பல் அதன் மேல் வழுக்கும். பிட்டுக்கும் அதே முறை வைத்தேன். புதிய 3 மி.மீ. ஒற்றை வாய் பிட், 15,000 சுற்று, 300 மி.மீ. நகர்வு, சீவல் 0.02. ஒரு அடுக்குக்கு 0.15 மி.மீ. ஆழம், அதற்கு மேல் என் பாலம் தாங்காது. தகட்டின் நடுப்பகுதி மேசையிலிருந்து சற்றே எழுந்தாலும் பறை போல அதிரும் என்பதால், அடியில் முழுக்க ஒட்டுநாடா, ஓரங்களில் கிளாம்ப். பித்தளைத் துகள் ஊசி போலத் தெறிக்கிறது. கண்ணாடி போடாமல் பக்கத்தில் நிற்கக் கூடாது.

முதல் லீவர் சத்தமில்லாமல் வந்தது.

ஜூலை 20, ஞாயிறு

பத்து மடங்கு லென்ஸில் பிட்டுகளைப் பார்த்தேன். பழைய 900 வேகத்தில் ஓடிய பிட்டின் முனையில் வெள்ளிக்கோடு போல ஒளி திரும்புகிறது. கூரான ஓரம் ஒளியைத் திருப்பாது. கோடு தெரிந்தால் அங்கே மழுங்கிய தளம் உருவாகிவிட்டது என்று பொருள். ஒட்டுப்பலகை வெட்டிய இன்னொரு பிட்டில் பசை அடுக்கு பட்ட உயரத்தில் மட்டும் சிறு பள்ளம். அதற்கு மேலும் கீழும் ஓரம் நன்றாகவே இருக்கிறது. ஆழத்தை மாற்றி வைத்தால் இன்னும் உழைக்கும்.

மூன்று டப்பாக்களில் பிரித்துவிட்டேன்: பித்தளை, தேக்கு, எம்.டி.எஃப். பித்தளையில் கூர் போன பிட் தேக்குக்கு, தேக்கில் களைத்தது எம்.டி.எஃப்-க்கு.

மாலையில் பெரியவர் லீவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஓரம் நல்லாத்தான் இருக்கு. கீழ் முனையில பிசிறு நிக்குது, அத ராவிரு” என்று தன் அரத்தையே எடுத்துக் கொடுத்தார். தகட்டை வைசில் தாழ்த்திப் பிடித்து ராவினேன். மீதி லீவர்களை அடுத்த வாரம் இதே அளவுகளில் வெட்ட வேண்டும். சாவியை மட்டும் எந்திரத்தில் வைக்கப்போவதில்லை. அதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையால் ராவிக் கற்றுக்கொள்ளக் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்.