முன்வந்தவனுக்குத்தான் தவறும்

உதைபந்தாட்டம் பார்க்கும் இடங்களில் எல்லாம் நாம் கேட்கும் ஒரு பேச்சு இருக்கிறது. "கோடிக்கணக்கில் சம்பளம் எடுக்கிறான், ஒரு பெனல்டி அடிக்கத் தெரியாதா?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பந்து அசையாமல் இருக்கிறது. அதற்கும் கோலுக்கும் இடையில் 11 மீற்றர்தான். கோலின் அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். தடுக்க நிற்பது ஒரே ஒரு ஆள். பின்னேரம் நம் ஊர் மைதானத்தில் விளையாடும் பிள்ளைகள்கூட அநேகமாக உள்ளே போட்டுவிடுவார்கள். அப்படியானால் உலகத்தின் மிகச் சிறந்த வீரர்கள் ஏன் தவறவிடுகிறார்கள்?

ஏனென்றால், அந்த 11 மீற்றர் அல்ல சோதனை. அதற்கு முன்னர் உள்ள நடைதான் சோதனை. 120 நிமிடம் ஓடிக் களைத்த பிறகு மற்ற எல்லோரும் நடு வட்டத்தில் தோளில் கை போட்டு நிற்பார்கள். ஒருவர் மட்டும் தனியாகப் பிரிந்து நடப்பார். அதுவரை பதினொரு பேரின் விளையாட்டாக இருந்தது, அந்த நடையில் ஒருவரின் தலையில் வந்து விழுகிறது. கோல் காப்பாளர் தடுத்தால் வீரர், தடுக்காவிட்டால் யாரும் திட்டப் போவதில்லை. அடிப்பவருக்கோ நேர்மாறு. அடித்தால் "அது அடிக்கத்தானே வேண்டும்" என்பார்கள். தவறவிட்டால் ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள்.

நோர்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பெரிய போட்டிகளின் பெனல்டிகளை வருடக்கணக்காக ஆராய்ந்தவர். "இதை அடித்தால் வெற்றி" என்ற நிலையில் அடிக்கப்பட்டவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் கோலாகியிருந்தன. "இதைத் தவறவிட்டால் தோல்வி" என்ற நிலையில் அடிக்கப்பட்டவற்றில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் கோலாகியிருந்தன. அதே பந்து, அதே தூரம், அதே தரத்து வீரர்கள். மாறியது அவர்கள் மனதில் இருந்த பயம் மட்டும்தான்.

1970க்கு முன்னர் இப்படி ஒரு முறையே சர்வதேச விதிகளில் இருக்கவில்லை. 1968 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் சமநிலையில் முடித்தபோது நாணயத்தைச் சுண்டித்தான் வெற்றியாளரைத் தீர்மானித்தார்கள். இத்தாலி இறுதிப் போட்டிக்குப் போனது. நாணயம் சுண்டித் தோற்றால் எவரையும் குறை சொல்ல முடியாது. பெனல்டி வந்த பிறகு தோல்விக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது.

அந்த முகங்களில் மிகவும் பிரபலமானது ரொபர்ட்டோ பாஜியோவுடையது. 1994 உலகக் கிண்ண இறுதிப் போட்டி. பிரேசிலுக்கு எதிராக அவர் அடித்த கடைசி உதை கோலுக்கு மேலால் போனது. இத்தாலி 3-2 என்று தோற்றது. தலை குனிந்து நிற்கும் அந்தப் படத்தை நம்மில் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் அவருக்கு முன்னரே பரேசியும் மஸ்ஸாரோவும் தவறவிட்டிருந்தார்கள். பாஜியோ அடித்திருந்தாலும் பிரேசிலுக்கு இன்னுமொரு உதை மீதி இருந்தது. அதைவிட முக்கியம், இரண்டாம் சுற்றில் இருந்து இறுதிப் போட்டிக்கு வரும்வரை இத்தாலி அடித்த 6 கோல்களில் 5 கோல்கள் அவருடையவை. அவர் இல்லாவிட்டால் தவறவிடுவதற்கு ஓர் இறுதிப் போட்டியே இருந்திருக்காது. நான்கு வருடங்களுக்குப் பிறகு, 1998 உலகக் கிண்ணத்தின் காலிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக மீண்டும் பெனல்டி. இத்தாலியின் முதல் ஆளாக நடந்து போனவர் அதே பாஜியோ. அடித்தார். அன்றும் இத்தாலி தோற்றது. அதனால் அந்த உதை யாருக்கும் ஞாபகம் இல்லை.

நமக்கு நெருக்கமான இருவரைப் பார்ப்போம். 2022 பெப்ரவரி 6, ஆபிரிக்கக் கிண்ண இறுதிப் போட்டி, செனகல் எதிர் எகிப்து. ஏழாவது நிமிடத்திலேயே செனகலுக்கு ஒரு பெனல்டி. ஸாதியோ மானே அடித்தார், எகிப்தின் கோல் காப்பாளர் தடுத்தார். அதன் பிறகு கோலே இல்லாமல் மேலதிக நேரமும் முடிந்தது. இப்போது ஐந்து பேர் தேவை. ஏற்கனவே ஒன்றைத் தவறவிட்ட மனிதர் ஒதுங்கி நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மானே ஒதுங்கவில்லை. ஐந்தாவது உதைக்கு வந்தார், அடித்தார், செனகல் தன் வரலாற்றில் முதல் தடவையாகக் கிண்ணத்தை எடுத்தது. எகிப்தின் ஐந்தாவது உதைக்கு முஹம்மத் ஸலாஹ்வை வைத்திருந்தார்கள். அவருக்கு முறை வர முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த மாதமே, மார்ச் 29 அன்று, இரண்டு அணிகளும் உலகக் கிண்ணத் தகுதிக்காக மீண்டும் மோதின. மீண்டும் பெனல்டி. இம்முறை ஸலாஹ் கடைசிக்குக் காத்திருக்கவில்லை, எகிப்தின் முதல் ஆளாகப் போனார். பார்வையாளர் பக்கத்தில் இருந்து பச்சை லேசர் ஒளி முகத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. பந்து மேலால் போனது. எகிப்து வெளியேறியது. கடைசி உதையை அடித்து செனகலைக் கட்டாருக்கு அனுப்பியவர் மீண்டும் மானே.

இந்த இருவரில் யார் தைரியசாலி? நம் பதில், இருவரும்தான். ஒருவருக்கு கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. முடிவு அல்லாஹ்வின் கையில். நடந்து போவது மட்டும்தான் மனிதனின் கையில்.

அதற்காகத் தயார் ஆகாமல் போகலாம் என்று அர்த்தம் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல். 2022இல் ஸ்பெயின் பயிற்றுவிப்பாளர் லூயிஸ் என்ரிக்கே, உலகக் கிண்ணத்துக்கு வர முன்னரே ஆளுக்கு ஆயிரம் பெனல்டியாவது அடித்துப் பழகி வரும்படி வீரர்களுக்கு வீட்டு வேலை கொடுத்திருந்தார். மொரோக்கோவுக்கு எதிராக அவர்கள் அடித்த மூன்றில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஒன்று கம்பத்தில் பட்டது, இரண்டை யாஸின் பூனு தடுத்தார். மட்ரிட்டில் பிறந்த அஷ்ரஃப் ஹக்கீமி, கடைசிப் பந்தை மெதுவாகக் கோலின் நடுவில் தூக்கிப் போட்டார். பழகுவது கடமை. ஆனால் அந்த நடையை எந்தப் பயிற்சி மைதானத்திலும் முழுமையாகப் பழக முடியாது.

இனி மற்றவர்களின் பொறுப்பு. 2021 ஜூலை 11, வெம்ப்ளியில் ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டி. இத்தாலிக்கு எதிராக இங்கிலாந்தின் ரஷ்ஃபோர்ட், சான்சோ, ஸாகா மூவரும் தவறவிட்டார்கள். கடைசியாகப் போன ஸாகாவுக்கு வயது 19. அன்றிரவே மூவர் மீதும் நிறவெறி வசைகள் சமூக ஊடகங்களில் கொட்டின. மான்செஸ்டரில் ரஷ்ஃபோர்டின் சுவரோவியத்தைக் கிறுக்கி வைத்தார்கள். அந்த ஊர் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கிறுக்கலை மறைத்து அன்பான கடிதங்களையும் காகித இதயங்களையும் சுவர் முழுக்க ஒட்டினார்கள். யார் அடிப்பது என்று தீர்மானித்தது தானே என்று பயிற்றுவிப்பாளர் கரெத் சௌத்கேட் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1996இல் ஜெர்மனிக்கு எதிராக வெம்ப்ளியில் தவறவிட்டவர் அவர். அந்த வலி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மூன்று வருடங்களுக்குப் பிறகு, 2024 காலிறுதியில் சுவிட்ஸர்லாந்துக்கு எதிராக மீண்டும் பெனல்டி. ஸாகா மீண்டும் நடந்து போனார், அடித்தார். இங்கிலாந்து ஐந்தையும் அடித்து வென்றது. 19 வயதில் தவறவிட்ட அந்தப் பிள்ளையை அணி கைவிட்டிருந்தால் 22 வயதில் அவர் பந்தைத் தொட்டிருப்பாரா?

இது வகுப்பறையில் நாம் தினமும் காணும் விஷயம். கேள்வி கேட்டால் நாற்பது பேரில் ஒரு பிள்ளை கை உயர்த்தும். பதில் பிழைக்கும். பின் வாங்கில் இருந்து சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை ஆசிரியர் விட்டுவிட்டால் அடுத்த நாள் அந்தக் கை உயராது. அடுத்த மாதம் எந்தக் கையும் உயராது. சிரித்தவனுக்கு ஒருபோதும் பிழைத்ததில்லை, ஏனென்றால் அவன் ஒருபோதும் கை உயர்த்தியதில்லை.

ஊர் விஷயமும் அப்படித்தான். பள்ளி நிர்வாகத்துக்கு, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு, ஜனாஸா வேலைக்கு முன்வருவது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். ஒன்று பிசகினால் வட்ஸ்அப் குழுக்களில் அவரைப் பிய்த்து எடுக்கிறோம். முன்வந்தவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. பொறுப்பு என்பது அமானத். கணக்குக் கேட்கத்தான் வேண்டும், தயார் இல்லாமல் வந்தால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மோசடி வேறு, நேர்மையாக முயன்று தவறுவது வேறு. இரண்டையும் ஒரே தராசில் போட்டால், அடுத்த தடவை மஷூராவில் "யார் பொறுப்பெடுக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது எல்லோரும் நிலத்தைப் பார்ப்பார்கள்.

இனி ஒரு போட்டி பெனல்டிக்குப் போனால் பந்தை மட்டும் பார்க்காதீர்கள். தவறவிட்டவர் திரும்பி வரும்போது நடு வட்டத்தில் இருந்து யார் அவரை நோக்கி ஓடி வருகிறார்கள் என்றும் பாருங்கள். பக்கத்தில் உங்கள் பிள்ளை இருந்தால், அதையும் காட்டிக் கொடுங்கள்.