ஆறு வீடு, ஒரு மோட்டார்

வீடு கட்டி வாடகைக்கு விடப்போகிறேன் என்று யோசனை கேட்டு வருகிறவர்கள் எடுத்ததும் கேட்பது, போர்ஷனுக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பேன்: தரைத்தொட்டி எங்கே வருகிறது? மோட்டார் ஸ்விட்ச் யார் வீட்டுப் பக்கம்? மொட்டை மாடித் தூம்பு எந்தப் பக்கம் விழுகிறது? சிலருக்குக் கோபம்கூட வரும். வரட்டும். வாடகை வாங்குவது மாதத்தில் ஒரு நாள் வேலை. மற்ற நாளெல்லாம் தண்ணீர் வேலை.

மதுரை பழங்காநத்தத்தில் இருக்கிறது எங்கள் காம்பவுண்டு. நடுவில் நடைபாதை, இருபுறமும் மூன்று மூன்றாக ஆறு வீடுகள், கடைசியில் ஒரு வேம்பு. இந்தத் தொழிலை நான் என் மாமியாரிடம் கற்றேன். அத்தைக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் நடைபாதையில் நின்றபடியே, எந்த வீட்டுக் குழாயில் வாஷர் போயிருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். வாடகை வாங்கப் போனால் பணத்தை எண்ணாமல் மடியில் செருகிக்கொண்டு, அடுப்படிச் சுவரையும் கழிப்பறைக் கோப்பையின் அடியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார். “பணம் கொறஞ்சா நாளைக்குக் கேட்டுக்கலாம்மா. செவுத்துல ஓதம் ஏறுனா யார்ட்டப் போய்க் கேப்ப?” என்பார். இப்போது அப்படிச் சட்டென்று நுழைய முடியாது. 24 மணி நேரம் முன்பாக எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறது சட்டம். அதுதான் முறையும்கூட. பார்க்க வேண்டிய இடங்கள் மட்டும் அவர் காட்டியவைதான்.

முன்பு ஆறு வீட்டுக்கும் பொதுவாக மேலே 2000 லிட்டர் தொட்டி ஒன்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் துணி அலசினால் மத்தியானம் வருமுன்னே காலி. யார் திறந்துவிட்டது என்று நடைபாதையில் சண்டை. அத்தை அதைக் கழற்றிவிட்டு, வீட்டுக்கு ஒன்றாக 500 லிட்டர் தொட்டி வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி கேட் வால்வு போட்டார். செலவு கூடத்தான். ஆனால் பஞ்சாயத்து அன்றோடு நின்றது. ஒரு வீட்டில் பழுது என்றால் அந்த வீட்டை மட்டும் அடைத்தால் போதும் என்ற வசதியும் வந்தது. அந்த வால்வுகளை மாதம் ஒரு முறையாவது மூடித் திறந்து வையுங்கள். தொடாமலே விட்டது துருவேறி, அவசரத்துக்கு மூடும்போது கழுத்தோடு முறிந்து கையில் வந்துவிடும்.

ஃப்ளஷ் தொட்டி கசிகிறதா என்று பார்க்க, அதில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் உள்ளே வாஷர் போய்விட்டது. தரைத்தொட்டிக்கு இன்னும் எளிது. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, மேல்தொட்டிக்குப் போகும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு, ஒரு கம்பை விட்டு ஈரம் ஏறிய இடத்தில் கோடு போடுங்கள். விடியுமுன் மறுபடி விட்டுப் பாருங்கள். கோடு இறங்கியிருந்தால் பூச்சில் விரிசல். குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு என்று வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. இருக்கட்டும். என் பையில் அரை அங்குல வாஷரும் டெஃப்லான் டேப்பும் எப்போதும் கிடக்கும். சொட்டுகிற குழாய்க்காக ஓடும் மோட்டாருக்குக் கரண்டு பில் கட்டுவது நான்தானே.

மொட்டை மாடி பார்க்கக் கற்றது ஒரு கொத்தனாரிடம். தளம் ஒழுகுகிறது என்று கூப்பிட்டால் அவர் கரண்டியை எடுக்கவே மாட்டார். ஒரு தடியால் தட்டோடுகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே நடப்பார். கெட்டியாகப் பிடித்திருக்கும் ஓடு ‘டிக்’ என்னும். அடியில் காரை விட்டுப்போன ஓடு ‘டொப்’ என்னும். டொப் கேட்ட இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. கீழே ஈரம் தெரிகிற இடத்துக்கு நேர் மேலே பெரும்பாலும் குறி விழாது. தண்ணீர் ஓட்டுக்கடியில் ஊர்ந்து, நாலடி தள்ளித்தான் இறங்கும். இது தெரியாத வேறொருவர், ஈரத்துக்கு நேர் மேலே சிமென்ட் பூசிக் கூலியும் வாங்கிப்போனார். அடுத்த ஐப்பசியில் அதே அறை, அதே மூலை.

எங்கள் கொத்தனார் குறிபோட்ட ஓடுகளைப் பெயர்த்து, அடிக்காரையைச் சுரண்டி எடுத்து, நனைத்து, புதிதாகப் பதிப்பார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து இடுக்குகளை அடைப்பார். சின்னப் பொட்டணத்தில் விற்கிற கலவைகள் வந்த பிறகும் அவர் விடவில்லை. வேலை முடிந்ததும் தூம்பு வாயைச் சாக்கால் அடைத்து, களிமண் வரப்புக் கட்டி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை நிறுத்துவார். “கீழ போய்ப் பாத்துட்டு வாங்கம்மா. கூலி அப்புறம் வாங்கிக்கிறேன்” என்பார். நீங்கள் யாரிடம் வேலை கொடுத்தாலும் இந்த ஒன்றை விடாதீர்கள்: தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகுதான் கடைசித் தவணை. தள வேலையைச் சித்திரை, வைகாசியில் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் தூம்பு வாயில் வேப்பிலை அடைத்திருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் பக்கம் யாரும் வீடு மாறி வந்து பால் காய்ச்சமாட்டார்கள். ஆனிக் கடைசியில் காலியான வீடு ஆவணி வரை பூட்டித்தான் கிடக்கும். பதறிப்போய் வாடகையைக் குறைத்து ஆள் பிடிக்க வேண்டாம். வெள்ளையடிப்பது, ஒயரிங், கழிப்பறை வேலை எல்லாவற்றையும் அந்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருங்கள். ஆடியில் புது வீட்டு வேலை தொடங்குகிறவர்கள் குறைவு. கொத்தனாரும் பெயின்டரும் சொன்ன நாளில் வருவார்கள்.

வீடு பார்க்க வருகிறவர்களிடம் எத்தனை பேர், எங்கே வேலை, வண்டி எத்தனை, இருக்கிற வீட்டை ஏன் காலி செய்கிறீர்கள் என்று கேட்பேன். பழைய ஓனருக்கு ஒரு போன் போடுவேன். “என்ன ஆளுக?” என்ற கேள்வியை அத்தை கேட்டவர்தான். நான் நிறுத்திவிட்டேன். அந்தப் பதிலில் ஒன்றாம் தேதி வாடகையைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. தனியாகத் தங்கி வேலை பார்க்கும் பையன்களுக்கு வீடு கொடுக்க மாட்டோம் என்று தெருவே சொன்னபோது, நாங்கள் கொடுத்தோம். அவர்கள்தான் மோட்டார் ஓடாத ஒரு இரவில் கண்டென்சர் போயிருப்பதைக் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தார்கள்.

ஒப்பந்தத்தைப் பதினோரு மாதத்துக்கு எழுதி பீரோவில் வைத்துக்கொள்வது பழைய பழக்கம். ஒரு வருடத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டுமே என்பதற்காக வந்தது அது. 2017-இல் இயற்றிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, எத்தனை மாதமானாலும் எழுதியாக வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். வேறு விதமாகப் பேசி எழுதிக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. பத்து மாதம் வாங்கிப் பழகியவர்களுக்கு இது கசக்கிறது. எனக்குக் கசக்கவில்லை, பெரிய அட்வான்ஸ் என்பது திருப்பிக் கொடுக்க வேண்டிய பெரிய கடன். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். சட்டப்படி குற்றம் உங்கள் பக்கம் திரும்பிவிடும். நோட்டீஸ் கொடுத்து முறையாகப் போங்கள்.

ஒத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் மொத்தமாகச் சில லட்சம் வாங்கிக்கொண்டு, மூன்று வருடம் வாடகையில்லாமல் குடிவைத்து, முடிவில் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இது. எங்கள் தெருவில் ஒருவர் மூன்று போர்ஷனையும் ஐந்தைந்து லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டு, பதினைந்தையும் மகள் கல்யாணத்தில் போட்டார். மூன்று கெடுவும் ஒரே வருடத்தில் வந்து நின்றது. புது ஒத்திக்காரர் பணம் கொண்டுவந்தால்தான் பழையவருக்குக் கொடுக்க முடியும். பழையவரோ பணம் கைக்கு வராமல் சாவி தரமாட்டார். வீட்டைப் பார்க்க வந்தவர்களெல்லாம் உள்ளே ஆள் இருப்பதைக் கண்டு திரும்பிப் போனார்கள். ஒத்திக்கு விடுவதென்றால் ஒரு நேரத்தில் ஒரு வீடு. பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டு, பணத்தை டெபாசிட்டில் போட்டு ரசீதைப் பூட்டி வைக்க முடியுமென்றால் மட்டும் விடுங்கள். அட்வான்ஸ் பணத்துக்கும் இதே ஏற்பாடுதான். எங்களுக்கு அதற்கென்றே ஒரு தனிக் கணக்கு இருக்கிறது.

மின் இணைப்பை வீட்டுக்கு ஒன்றாக வாங்கிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் பில்லில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் சப் மீட்டர் தொங்கவிட்டால், ஆறு வீட்டு யூனிட்டும் சேர்ந்து மேல்படிக் கட்டணத்துக்கு ஏறிவிடும். அந்த ஏற்றத்தைக் குடியிருப்பவர் தலையில் கட்டி, அதில் லாபமும் பார்க்கிற ஓனர்கள் உண்டு. அவர்கள் வீடுதான் அடிக்கடி காலியாகிறது.

இனி கணக்கு. இடமும் கட்டடமும் சேர்த்து ஒரு கோடி போட்டால் மாதம் 25,000 வருவதே பெரிது. வருடத்துக்கு 3 சதவீதம். வீட்டுக் கடன் வட்டி அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் நிற்கிறது. கடனில் கட்டி, வாடகையிலேயே தவணையை அடைத்துவிடலாம் என்பவர்களை உட்காரவைத்து இதைத்தான் எழுதிக் காட்டுவேன். வருடத்துக்குப் பத்து மாத வாடகை என்றே போடுங்கள். ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், இன்னொரு மாதம் பழுதுக்குப் போகும். வருமான வரிக்கு, வாடகையில் சொத்து வரியைக் கழித்த பிறகு 30 சதவீதத்தைச் செலவுக்கென்று அப்படியே கழித்துக்கொள்ளலாம், பில் கேட்பதில்லை. அரசாங்கமே முப்பது ஒதுக்குகிறது, நாம் பத்தாவது ஒதுக்க வேண்டாமா? சொத்து வரியை ஏப்ரல் மாதமும் அக்டோபர் மாதமும் முடிவதற்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு.

காலி செய்கிற நாளுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். குடிவந்த அன்று இருவரும் கையெழுத்திட்ட பட்டியல், சுவர், தரை, குழாய்களின் போட்டோ, இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்தே ஒவ்வொரு அறையாகப் பாருங்கள். மீட்டரில் ரீடிங் எடுத்து அவர்கள் முன்னாலேயே கணக்குப் போடுங்கள். ஆணி அடித்த ஓட்டைக்கும் எண்ணெய் ஏறிய அடுப்படிச் சுவருக்கும் பிடித்தம் செய்யாதீர்கள், வாழ்ந்த வீட்டில் அதெல்லாம் இருக்கும். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் ஒரு மாதம் தருகிறது. நான் சாவி வாங்குகிற அன்றே கொடுத்துவிடுவேன், அவர்கள் போகிற வீட்டில் அட்வான்ஸ் கேட்டுக்கொண்டு ஒருவர் நிற்பார் அல்லவா. அவர்கள் வண்டி கிளம்பியதும் கதவுப் பூட்டைக் கழற்றி, கையிருப்பில் இருக்கும் வேறொன்றை மாட்டுங்கள். பழைய சாவிக்கு எத்தனை நகல் எடுத்தோம் என்பது அவர்களுக்கே நினைவிருக்காது. கழற்றிய பூட்டுக்கு எண்ணெய் விட்டு வையுங்கள், அடுத்து காலியாகிற வீட்டுக்கு ஆகும்.