ரீலோடு வந்த வழி

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'வொர்க் மெம்' என்ற நினைவக அளவைக் கூட்டலாம். அமைப்புக் கோப்பில் எழுதி ரீலோடு கொடுத்தால் போதும். ஓர் இணைப்புகூட அறுபடாது. அதே கோப்பில் சில வரிகள் தள்ளி இருக்கும் 'ஷேர்டு பஃபர்ஸ்' மட்டும் ரீஸ்டார்ட் கேட்கிறது. இந்தப் பாகுபாடு எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன்.

மூல நிரலில் அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பீட்டர் ஐசென்ட்ரவுட் 2000-இல் எழுதியது. கோப்பு, கட்டளைவரி, செட் கட்டளை என எந்த வழியில் வரும் அமைப்பையும் அது ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவருகிறது. ஒவ்வோர் அமைப்பையும் யார், எப்போது மாற்றலாம் என்று அங்கே குறித்திருக்கிறார்கள். இன்று அப்படி 7 வகைகள். 'போஸ்ட்மாஸ்டர்' வகை என்றால் ரீஸ்டார்ட்தான். இன்னொரு வகையின் பெயர் 'சிக்ஹப்'. அதைப் பிடித்துக்கொண்டு போனதில் டேட்டாபேஸை விட்டே வெளியேறி, பழைய யூனிக்ஸுக்குள் நுழைந்துவிட்டேன்.

சிக்ஹப் என்பது யூனிக்ஸின் 1-ஆம் எண் சிக்னல். தொலைபேசி வழியே இணைந்த டெர்மினலின் லைன் துண்டானால், அதில் ஓடிய நிரல்களுக்கு இது போகும். வேறு ஏற்பாடு இல்லாத நிரல் அங்கேயே முடிந்துவிடும். பின்னணியில் ஓடும் டீமன்களுக்கோ டெர்மினலே கிடையாது. அவற்றுக்குப் பயன்படாத அந்த சிக்னலை, அமைப்புக் கோப்பை மறுபடி படிக்கச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொண்டார்கள். பெர்க்லி யூனிக்ஸில் 'இனிட்' இதைப் பெற்றதும் டெர்மினல் பட்டியலைத் திரும்பப் படித்தது. போஸ்ட்கிரெஸும் 1986-இல் பெர்க்லியில் தொடங்கியதுதான். ஆனால் இந்தப் பழக்கம் யூனிக்ஸ் உலகம் முழுவதற்கும் பொது.

போஸ்ட்கிரெஸில் போஸ்ட்மாஸ்டர் என்ற தாய்ப் புராசஸ் சிக்னலை வாங்கி, கோப்பைப் படித்து, தன் பிள்ளைப் புராசஸ்களுக்கும் அனுப்புகிறது. அவை கையில் உள்ள கட்டளையை முடித்த பிறகே புதிய மதிப்புக்கு மாறுகின்றன. ஓடும் குவரிக்கு நடுவில் விதி மாறாது. எனக்கு மிகவும் பிடித்த நிதானம் இது.

ஷேர்டு பஃபர்ஸ் ஏன் மசியவில்லை என்பதும் இங்கேயே விளங்கியது. அந்த நினைவகம் சர்வர் எழும்போதே மொத்தமாக ஒதுக்கப்படுகிறது. பிறகு பிறக்கும் புராசஸ் ஒவ்வொன்றும் அதைப் பகிர்ந்துகொள்கிறது. அளவை மாற்ற வேண்டுமானால் அத்தனை புராசஸ்களும் சேர்ந்து இடம் மாற வேண்டும். மாறாக, இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் ஒரே புராசஸுக்குள் திரெட்களாக ஓடுவது. 2015-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து அது ஷேர்டு பஃபர்ஸுக்கு இணையான தன் பஃபர் பூலைத் துண்டு துண்டாகக் கூட்டவும் குறைக்கவும் இடம் தந்தது. அந்த மாற்றம் நடக்கும்போது சில பரிவர்த்தனைகள் காத்திருக்க நேரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ரீலோடில் ஓர் ஆபத்தும் உண்டு. கோப்பில் தொடரமைப்புப் பிழை இருந்தால் போஸ்ட்கிரெஸ் மாற்றம் எதையும் ஏற்காமல், லாகில் எழுதிவிட்டுப் பழைய மதிப்புகளோடு ஓடும். லாகைப் பார்க்காதவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். அடுத்த ரீஸ்டார்ட்டில் அதே கோப்போடு சர்வர் எழவே எழாது. 9.5 பதிப்பிலிருந்து 'பிஜி ஃபைல் செட்டிங்ஸ்' என்ற வியூ, கோப்பில் எந்த வரி கெட்டிருக்கிறது என்று முன்கூட்டியே காட்டுகிறது. ரீலோடு கொடுக்கும் முன் அதைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.