மலைநாட்டு ஓட்டவீரனும் முக்கூட்டுப் போட்டியும்

மலைநாட்டிலே பிறந்த பிள்ளைக்கு ஓட்டம் பிறர் கற்பிக்கும் கலையன்று. வாழ்க்கையோடு வந்து சேரும் பழக்கம். விடிந்ததும் பெற்றோர் பிரட்டுக்களத்துக்குச் சென்றுவிட, லயத்துக் காம்பராவிலிருந்து புறப்படும் சிறுவன் தேயிலைச் செடிகளுக்கிடையேயுள்ள குறுக்குப்பாதையால் இறங்கி, ஓடை கடந்து, மீண்டும் ஏறிப் பாடசாலையை அடைகின்றான். மணி அடிக்குமுன் சேரவேண்டுமெனின் நடை போதாது, ஓடவேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் கரையோரத்தில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்களவே. அங்கு வாழ்வோரின் உடல், குறைந்த ஒட்சிசனுக்கு ஈடாகச் செங்குருதிக் கலங்களைப் பெருக்கிக்கொள்ள முயல்கின்றது. உலகின் நெடுந்தூர ஓட்டவீரர்கள் பெரும்பொருள் செலவிட்டு உயர்ந்த இடங்களை நாடிச் சென்று பெறும் பயனில் ஒரு பகுதி, தோட்டத்துப் பிள்ளைக்குப் பிறப்போடு வாய்த்துவிடுகின்றது. ஹட்டன் வெலிஓயாத் தோட்டத்திலிருந்து புறப்பட்டு 10,000 மீற்றர் ஓட்டத்தில் தேசிய மட்டத்தில் முதன்மை பெற்ற குமார் சண்முகேஸ்வரனின் வாழ்க்கை, இம்மண்ணில் இவ்வாற்றல் உண்டென்பதற்குத் தக்க சான்றாகும்.

ஓட்டம் வீரனிடம் கேட்பது சொற்பம். காலணி இல்லாவிடினும் ஓடலாம். மைதானம் இல்லாவிடினும் பாதை உண்டு. அதனாற்றான் வறுமை மிக்க இடங்களிலும் ஓட்டவீரர் தோன்றுகின்றனர். ஆயின், ஓட்டத்திலே தேர்ந்த இளைஞன் ஒருவன் தன் உடலின் எல்லையை இன்னும் சற்று விரித்துப் பார்க்க விரும்பினால் என்ன நேரும்? அவ்விருப்பத்துக்கு இக்காலம் வகுத்துள்ள வடிவமே ‘ட்ரையத்லன்’ எனப்படும் முக்கூட்டுப் போட்டி. நீந்தி, சைக்கிளோட்டி, ஈற்றில் ஓடி முடிக்கும் இப்போட்டி 1974இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் உருப்பெற்றது. 1978இல் ஹவாயிலே 15 பேர் 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் சைக்கிளோட்டி, முழு மரதனும் ஓடப் புறப்பட்டனர்; 12 பேர் முடித்தனர். 2000ஆம் ஆண்டு சிட்னியில் இப்போட்டி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 2018இல் கொழும்பிலும் அரைத்தூர ‘அயன்மேன்’ போட்டி நடைபெற்றது.

ஒலிம்பிக் தூரத்தை எடுத்துக்கொள்வோமாயின், நீச்சல் 1.5 கிலோமீற்றர், சைக்கிள் 40, ஓட்டம் 10. மொத்தம் 51.5 கிலோமீற்றரில் ஓட்டத்துக்குரியது ஐந்தில் ஒரு பங்கினும் குறைவு. மலை தந்த கால்கள் அந்தப் பங்குக்கே முழுமையாக உதவும். எஞ்சியவற்றை அவன் வேறிடத்திலிருந்து பெறவேண்டும்.

முதலில் சைக்கிள். ஏற்றமும் வளைவும் நிறைந்த ஹட்டன் - நுவரெலியாப் பாதையைப் போன்ற பயிற்சிக்களம் கிடைத்தற்கரியது. ஆனால் அதிலே செலுத்தப் பந்தய சைக்கிள் வேண்டும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நெடுங்காலப் போராட்டத்தின்பின் 2021இலேதான் 1000 ரூபாவைத் தொட்டது. அக்கணக்கில் அத்தகைய சைக்கிளொன்று ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு. பிள்ளைகளின் கல்விக்கும் அரிசிக்கும் உரிய பணம்.

அடுத்து நீர். காசல்ரீயும் மவுசாக்கலையும் கண்ணுக்கெதிரே விரிந்து கிடக்கின்றன. ஆயினும் குளிர்ந்த, ஆழமறியா அந்நீர்த்தேக்கங்கள் நீச்சல் பழகும் இடங்களல்ல; அவற்றின் கரைக்குப் பிள்ளை போனாலே தாயின் நெஞ்சு பதறும். தோட்டப் பாடசாலைகளிலே நீச்சல் தடாகம் என்பது எட்டாக் கனி. வளர்ந்தபின் நீந்தப் பழகும் ஓட்டவீரனுக்கோ இடர் இரட்டிப்பு. கொழுப்புக் குறைந்த அவன் கால்கள் நீரிலே தாழ்கின்றன. ஓட்டத்தால் இறுகிய கணுக்கால் துடுப்பாக வளைய மறுக்கின்றது. விரும்பியபோது மூச்சு வாங்கிப் பழகியவன், கைவீச்சின் ஒழுங்குக்கு மூச்சை அடக்கவேண்டியவனாகின்றான். போட்டியிலோ நீச்சலே முதலில் வருகின்றது. அதனைக் கடவாதவனுக்கு, அவன் வல்லவனாயுள்ள ஓட்டம் ஒருபோதும் வருவதில்லை.

இங்கு ஆழிக்குமரன் ஆனந்தன் நினைவுக்கு வருகின்றார். வல்வெட்டித்துறையில் பிறந்த அவர் 1971இல் பாக்கு நீரிணையை இரு வழியும் 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். 1979இல் கொழும்பிலே இரவுபகலாய் இடைவிடாது சைக்கிளோட்டிச் சாதனை புரிந்தார். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் நீத்தார். அவருக்குக் கடல் வாசலிலே இருந்தது. உறுதி அவருடையதே, எனினும் அவ்வுறுதி பழகுவதற்கு ஓரிடம் இருந்தது. மலைநாட்டு இளைஞனுக்கு உறுதி குறைவன்று. அதற்கான இடமே குறைவு.

‘அமெச்சூர்’ என்னும் சொல் அன்பினால் ஒன்றைச் செய்பவனைக் குறிப்பது. ஆனால் அச்சொல்லின் வரலாறு அத்துணை அன்புடையதன்று. 1879இல் இங்கிலாந்தின் ஹென்லிப் படகோட்டப் போட்டியை நடத்தியோர், கூலிக்கு உடலுழைப்புச் செய்பவன் அமெச்சூர் ஆகான் என விதித்தனர். மறு ஆண்டு அமைந்த ஆங்கிலேய அமெச்சூர் மெய்வல்லுநர் சங்கம் அத்தடையை ஏற்கவில்லை. ஏறத்தாழ அக்காலத்திலேதான் டிக்கோயாவிலும் டிம்புளையிலும் துரைமார் தமக்கெனக் கழகங்களும் மைதானங்களும் அமைத்து விளையாடினர். அம்மைதானங்களைச் சூழ்ந்த மலைகளிலே உழைத்தவர்களுக்கு உடல் உழைப்புக்கே உரியது, விளையாட்டுக்கன்று. அவ்விதி ஏட்டிலிருந்து எப்போதோ நீங்கிவிட்டது. எனினும் பகல் முழுதும் கொழுந்துக் கூடை சுமந்தவருக்கும், பாடசாலை முடிந்ததும் கொழும்புக் கடைகளில் வேலை தேடிச் செல்லும் பிள்ளைக்கும், ஓய்வும் நீரும் சைக்கிளும் இல்லாத நிலை அவ்விதியின் வேலையைச் சத்தமின்றிச் செய்துவருகின்றது.

ஆகவே ஓட்டத்திலிருந்து முக்கூட்டுப் போட்டிக்குச் செல்லும் பாதை ஒருவனின் மனவலிமையால் மட்டும் அளக்கப்படத்தக்கதன்று. முதற்படியை மலை தந்தது. மற்றை இரு படிகளைச் சமூகமே தரவேண்டும். பல தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு நீச்சல் தடாகமும், கல்வி வலயத்துக்குச் சில பொதுச் சைக்கிள்களும், விடுமுறை நாளொன்றைப் பயிற்சிக்கென ஒதுக்கும் ஆசிரியர் ஒருவரும் பேராசைகளல்ல. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்து, அங்குள்ள மைதானத்தையும் தடாகத்தையும் பயன்படுத்தும் வாய்ப்புப் பெற்ற மாணவர், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது இவற்றைக் கேட்கும் குரலையும் உடன்கொண்டு செல்வாராயின், குறுக்குப்பாதையால் ஓடிவரும் அப்பிள்ளையின் ஓட்டம் பாடசாலை வாயிலோடு முடிந்துவிடாது.