கட்டெறும்பும் சுண்ணாம்பும்

எறும்பு கடித்தால் என்ன செய்வீர்கள்? தேய்த்துவிட்டு வேலையைப் பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான்... அந்தச் சாத்தனூர் மத்தியானம் வரை!

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். அக்கா மகளுக்கு அதைக் காட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்தோம். திடீரென்று துள்ளி எழுந்தாள். கணுக்காலில் ஒரு கட்டெறும்பு. தலையும் வயிறும் கறுப்பு, நடுவில் செம்பழுப்பு.

"எறும்புதானே புள்ள, ஒண்ணும் ஆகாது."

பி.காம். படித்த எனக்கு வேதியியல் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால், எறும்பு என்றால் ஃபார்மிக் அமிலம், அமிலத்துக்குச் சுண்ணாம்பு என்பது மட்டும் மறக்கவில்லை. பெட்டிக்கடையில் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கித் தடவினேன். பத்தே நிமிஷம்... உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம். "மாமா, மூச்சு விட முடியல..."

கார் பெரம்பலூருக்குப் பறந்தது. தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். மூச்சு சீரானது. அப்புறம்தான் டாக்டர் கேட்டார்: "சுண்ணாம்பு தடவுன விஞ்ஞானி யாருங்க?"

தலைகுனிந்து நின்றவன், பிறகு தேடிப் படித்தேன். என் அமிலக் கணக்கு மாமரத்து முசுறுக்குத்தான் பொருந்தும். அதற்குக் கொடுக்கு கிடையாது. கடித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும். கொட்டும் எறும்பின் சரக்கே வேறு. நெருப்பெறும்பு விஷத்தில் பெரும்பகுதி ஆல்கலாய்டு, புரதம் துளியூண்டு. ஒவ்வாமைக்கு அந்தத் துளியே போதும். எங்களைப் பதறவைத்த ரகம் இலங்கையிலும் தாய்லாந்திலும் ஆளையே சாய்த்திருக்கிறது.

இவளை முன்பும் எறும்பு கொட்டியிருக்கிறது. அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால், உடம்பு அதைப் பேரேட்டில் பற்று எழுதி வைத்திருக்கிறது!

எறும்பின் பாட்டி ஒரு குளவி. முட்டையிடும் குழாய்தான் கொடுக்காக மாறியது. அதனால் கொட்டுவதெல்லாம் பெண் எறும்புகளே. பிற்பாடு முசுறு வம்சம் கொடுக்கை விட்டு அமிலத்துக்கு மாறியது. குளவி எறும்பான கதை டைனோசர் காலத்தது. சாத்தனூர் மரம் இலையும் கிளையுமாக நின்ற அதே யுகம். அத்தனை பழைய ஆயுதத்தை நான் ஐம்பது காசுச் சுண்ணாம்பால் சமாளிக்கப் பார்த்தேன்.

எறும்பு கொட்டி வெறும் எரிச்சல் என்றால் கழுவிவிட்டு ஐஸ் வையுங்கள். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் சுண்ணாம்பைத் தேடாதீர்கள். வண்டியைத் தேடுங்கள்.