ட்ரையர்: இரண்டு முறை பார்த்த படம்

கார்ல் தியோடர் ட்ரையரின் ‘ஆர்டெட்’ (1955) படத்தை முதல் முறை பார்த்தபோது கடைசிப் பத்து நிமிஷம் இருக்கையில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். படம் பிடிக்காததால் அல்ல. அம்மா இறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. திரையில் இங்கர் சவப்பெட்டியில் கிடக்கிறாள். அவள் எழுந்துவிடுவாள் என்பதை முன்பே படித்திருந்தேன். கடவுள் நம்பிக்கை இல்லாதவன் நான். அவள் எழுந்தால் நம்பிவிடுவேனோ என்ற பயம்தான் போலும்.

ட்ரையரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரைத் தவசியாக்கிவிடுகிறார்கள். 1928இல் ‘ஜோன் ஆஃப் ஆர்க்’, 1932இல் ‘வாம்பயர்’, 1943இல் ‘கோபத்தின் நாள்’, 1955இல் ‘ஆர்டெட்’, 1964இல் ‘கெர்ட்ரூட்’. நடுவில் 1945இல் ஸ்வீடனில் எடுத்த ஒன்றை அவரே தன் படமில்லை என்று ஒதுக்கிவிட்டார். பத்து வருஷத்துக்கு ஒரு படம் என்பது தவமாம். எனக்கு அப்படிப் படவில்லை. பணம் போடுவாரில்லை, அவ்வளவுதான். ‘வாம்பயர்’ தோற்றதும் கோபன்ஹேகனுக்குத் திரும்பிப் பத்திரிகைக்கு நீதிமன்றச் செய்திகள் எழுதினார். 1948இல் சாலை விபத்தைப் பற்றி அரசாங்கத்துக்காக ஒரு பிரசாரக் குறும்படம் எடுத்தார். அதில் மோட்டார் சைக்கிளில் படகைப் பிடிக்க விரைகிற ஜோடி கடைசியில் சவப்பெட்டிகளாகத்தான் தண்ணீரைக் கடக்கிறது. இந்தக் காரியத்தையும் அவர் ட்ரையராகவே செய்திருக்கிறார். 1952இல் டாக்மார் தியேட்டரை நடத்தும் உரிமம் கிடைத்தது. ஆக, மற்றவர்கள் எடுத்த படங்களைக் காட்டிப் பிழைத்தார். ஏசுவைப் பற்றிய படத்துக்கு எழுதிய திரைக்கதை கையில் இருக்க, 1968 மார்ச்சில் செத்தும் போனார்.

வாழ்க்கையை வைத்துக் கலைக்கு விளக்கம் சொல்வது எனக்கு ஒவ்வாத காரியம். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவரைப் பெற்றவள் மணமாகாத ஒரு ஸ்வீடிஷ் வேலைக்காரி. குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டாள். 1891இல், அவருக்கு இரண்டு வயது நிரம்பும் தறுவாயில், இரண்டாவது கர்ப்பத்தைக் கலைக்கத் தீக்குச்சி மருந்தைத் தின்று இறந்தாள். ‘ஆர்டெட்’டின் இங்கர் பிரசவத்தில் சாகிறாள், குழந்தையும் பிழைப்பதில்லை. கதை கை முங்க் எழுதிய நாடகம்தான்; ட்ரையர் கற்பித்ததல்ல. இருந்தும் அவர் இந்தக் கதைக்கு வந்து சேர்ந்ததை வெறும் தற்செயல் என்று தள்ள மனம் வரவில்லை.

இரண்டாம் முறை பார்த்தது மூன்று வருஷம் கழித்து. இரண்டு மணி நேரப் படத்தில் 120க்கும் குறைவான ஷாட்டுகள். காமிரா அறைக்குள் மெல்ல நகர்கிறது. யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. அவள் ஆன்மா ஆண்டவனிடம் இருக்கிறது என்று கிழவர் மகனைத் தேற்றுகிறார். அவள் உடம்பையும்தானே நேசித்தேன் என்கிறான் மிக்கேல். அம்மாவின் சாவுக்கு வந்தவர்களெல்லாம் ஆத்மா சாந்தி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு வாயில் வராமல் போனது இதுதான். அவள் கையில் எப்போதும் இருந்த வெங்காய வாசனை எனக்கு வேண்டியிருந்தது. ஆத்மாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இங்கர் எழுகிறாள். கணவனின் கன்னத்தில் வாயை அழுத்துகிறாள். அதில் தெய்வீகம் ஏதுமில்லை, பசி இருக்கிறது. நின்றிருந்த சுவர்க் கடிகாரத்தை மைத்துனன் ஓடவிடுகிறான்.

நான் நம்பிவிடவில்லை. விளக்குப் போடும்வரை உட்கார்ந்திருந்தேன்.